மூன்றாம் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்: சுங்கை சிப்புட் ஆலோசக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலோசக ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளிகளில் உங்கள் தலையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையைத் தேடுவது, கட்டொழுங்குப் பிரச்சினை, வீட்டில் அடிவாங்கி வரும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது, உதவித்தொகைப் பாரம், அமைச்சு கேட்கும் தரவுகள், எல்லாம் உங்கள் அறைக்குத்தான் வந்து சேர்கின்றன. ஓர் ஆலோசகருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள். இத்தனைக்கும் நடுவில் புதிதாக ஒரு சுமையை ஏற்றிவைக்க எனக்கு மனம் வராது. நீங்கள் ஏற்கனவே செய்துவரும் தொழில் வழிகாட்டலைச் சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களில் தமிழ் வாசிப்பவர்கள் சிலரே. அந்தச் சிலர், உடன் வேலை செய்யும் மலாய், சீன ஆசிரியர்களிடமும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர்களும்தான் ஆலோசகர்கள்.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன், அதாவது மின் பொறுப்பாளர். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்ததும் கோயில் மண்டபத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அரசு உயர்கல்வி நிலையங்களில் இடம் கேட்கும் பிள்ளைகளின் யூபியூ விண்ணப்பத்துக்கு உதவும் சிலரில் நானும் ஒருவன். எல்பில், ஹீவுட், டோவன்பி, கமுனிங் எனத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிவந்த வீடுகளிலிருந்தும் வருவார்கள். பெரும்பாலும் அம்மாவும் கூடவே வந்து பக்கத்தில் உட்காருவார். அங்கே திரும்பத் திரும்ப நடப்பதைச் சொல்கிறேன்.

"தாதியாகணும் அண்ணே" என்று ஒரு பெண் சொல்வாள். முடிவுத் தாளைப் பார்த்தால் மலாய் நன்றாக இருக்கும், தமிழில் ஏ இருக்கும், கணிதமும் அறிவியலும் வெறும் தேர்ச்சியில் நிற்கும். தாதிமை டிப்ளோமாவுக்குக் கணிதத்திலும் ஏதாவது ஓர் அறிவியல் பாடத்திலும் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம், வேண்டும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். ஒரு பையன் இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்பான். இயற்பியலே எடுத்திருக்க மாட்டான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "கூட்டாளிங்க எல்லாம் அக்கவுண்ட் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்" என்பான். அம்மா நம் முகத்தைப் பார்ப்பார். என்ன பதில் சொல்வது?

இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. தங்கள் ஆசைக்கு வேண்டிய முடிவை எந்த நாளில் எடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் படிவ முடிவில், 15 வயதில், நான்காம் படிவத்துக்கான பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே அது முடிந்துபோனது. 2020-இலிருந்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பழைய மாதிரி பிரிப்பதில்லை. விருப்பப் பாடங்களைத் தொகுப்பாக எடுக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் தேர்வு அகலமாகும்போது வழிகாட்டலும் கூடவே அகலமாக வேண்டும் அல்லவா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் தோட்டத்துப் பெற்றோருக்கு, எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்பு கைநழுவும் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பிடி3 தேர்வை 2022-இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் மன உளைச்சல் குறைந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே சமயம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று தோட்டத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு அறிவிப்புகளும் போய்விட்டன. இன்று பல பெற்றோர் பிள்ளையின் படிப்பைப் பற்றி முதன்முதலில் தெளிவாக அறிவது எஸ்பிஎம் முடிவு வரும் நாளில்தான். அதற்குள் 17 வயது. முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பிள்ளையாக இருந்தால் 18. அந்த இரண்டு தேர்வுகளும் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப இப்போது பள்ளியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

வழக்கமாக நடக்கும் தொழில் கண்காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் மேசைகள் போட்டு, கல்லூரிகள் துண்டறிக்கை கொடுத்து, ஐந்தாம் படிவ மாணவர்கள் பை நிறைய காகிதத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே வந்து பேசுகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர்கள். வேலையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சேர்க்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். கண்காட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆண்டின் தொழில் வழிகாட்டல் அதோடு முடிந்துவிடக் கூடாது என்கிறேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தன்முனைப்பு முகாம். விளக்கை அணைத்து, சோகப் பாட்டுப் போட்டு, "உங்க அப்பா எவ்வளவு கஷ்டப்படுறார் தெரியுமா" என்று பேச்சாளர் கேட்பார். பிள்ளைகள் கதறி அழுவார்கள், பெற்றோருக்குப் பாதபூஜை செய்வார்கள். நன்றியுணர்வு நல்லதுதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பாவின் கஷ்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவன் அதைத் தினமும் பார்க்கிறான். அழுதுவிட்டு எழுந்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதில்லை. அந்த முகாமுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பேருந்து எடுத்து அவர்களை ஒரு வேலையிடத்துக்குக் கூட்டிப் போகலாம்.

எங்கே கூட்டிப் போவது? தூரம் போக வேண்டாம். நம்மைச் சுற்றி இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலைக்கே போகலாம்.

ஆலைப் புகையைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைகள் பலர் அதன் வாசலைத் தாண்டியதில்லை. "அங்கே என்ன வேலை இருக்கும்?" என்று கேட்டால் "லோரி ஓட்டறது, குலை தள்றது" என்பார்கள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். எடைமேடையில் கணினியோடு உட்கார்ந்திருப்பவர் யார், இறக்குமிடத்தில் குலையைப் பார்த்துப் பழுத்தது, பழுக்காதது என்று தரம் பிரிப்பவர் யார் என்று கேட்கட்டும். குலையை நீராவியில் அவிக்கும் கலனைப் பார்க்கட்டும். அந்த நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. பாய்லரில் எரிவது பழத்தைப் பிழிந்த பின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும். அதே நீராவி டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. அந்தப் பாய்லரை யாரும் நினைத்தபடி இயக்க முடியாது. தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் இருப்பவரே இயக்கலாம். அந்தச் சான்றிதழை எப்படிப் பெற்றார் என்று பாய்லர்மேனையே பேச விடுங்கள். மின்கட்டுப்பாட்டு அறையில் என்னைப் போன்ற ஒரு சார்ஜ்மேன் இருப்பார், அவருக்குச் சான்றிதழ் தருவது எரிசக்தி ஆணையம்.

அப்புறம் ஆய்வகம். எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அங்கே சோதிப்பார்கள். குலை அடிபட்டாலோ அதிகம் கனிந்துவிட்டாலோ அந்த அளவு ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். சோதிக்கும் முறை, நான்காம் படிவ வேதியியலில் பிள்ளைகள் படிக்கிற அதே டைட்ரேஷன்தான். "இதெல்லாம் எதுக்கு சிகு படிக்கணும்?" என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைக்குப் பதில் அந்தக் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. கடைசியாகக் கழிவுநீர்க் குளங்கள். நாற்றம் அடிக்கும், பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதை மேற்பார்வையிடவும் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று அங்கே நின்றே சொல்லுங்கள். ஒரே வேலிக்குள் வெல்டர், எழுத்தர், ஆய்வக உதவியாளர், மின்வினைஞர், பொறியாளர் என எத்தனை பேர்! அந்த வேலிக்கு வெளியே சில கிலோமீட்டரில் வாழும் பிள்ளைக்கு அது தெரியாமலே பள்ளி முடிந்துவிடுகிறது.

இந்தப் பயணம் முதலாம், இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு நடக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே தொழில்களைக் கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். 6 முதல் 8 வயதுக்குள் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று கழிக்கிறார்கள். 9 முதல் 13 வயதுக்குள் "இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்லை" என்று கழிக்கிறார்கள். அப்படிக் கழித்ததை யாராவது தலையிட்டுக் காட்டாவிட்டால் அவர்களாகத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அரிது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. முதலாம் படிவத்துக்கு வரும்போதே பாதித் தொழில்கள் அந்தப் பிள்ளையின் மனத்திலிருந்து போய்விட்டன. ஐந்தாம் படிவத்தில் கண்காட்சி வைத்தால், அவன் ஏற்கனவே கழித்த மேசைகளைக் கடந்து நடந்துவிடுவான்.

இங்கிலாந்தில் 2014-இல் பள்ளித் தொழில் வழிகாட்டலுக்கு கேட்ஸ்பி அளவுகோல்கள் என எட்டை வகுத்தார்கள். அதில் ஒன்று, 11 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு மாணவனும் வேலை தருபவரையோ வேலை செய்பவரையோ சந்தித்துப் பேச வேண்டும் என்பது. செலவு பெரிதாக இல்லாத காரியம். நம் ஊரில் பிறந்து இன்று ஈப்போ மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா, கேடிஎம் ரயில் பராமரிப்பில் இருக்கும் அண்ணன், சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி, இவர்களைக் கூப்பிடுங்கள். மேடை வேண்டாம். வகுப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதல் சம்பளம் எவ்வளவு, எந்தப் பாடம் கைகொடுத்தது, எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும். டாக்டர், வழக்கறிஞர் வந்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். தாங்கள் இருக்கும் அதே லயத்து வீட்டு வரிசையிலிருந்து போன சார்ஜ்மேனைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள்.

வீட்டிலிருந்தும் தொடங்கலாம். தாத்தா பாட்டியிலிருந்து மூன்று தலைமுறை செய்த வேலைகளை எழுதி வரச் சொல்லுங்கள். வெறும் வேலைப் பெயரோடு நிறுத்தாமல், அந்த வேலைக்கு என்ன திறமை வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதட்டும். பால்மரம் சீவிய பாட்டி, விடியுமுன் எழுந்து, மரத்தின் உயிர்ப்பட்டையைத் தொடாமல் மெல்லிய சீவலாக எடுத்தவர். அது கைநுட்பம். தோட்டத்து எழுத்தரான கிராணி செய்தது கணக்கும் ஆவணமும். வேலையாட்களை மேற்பார்த்த மண்டோர் செய்தது ஆள் நிர்வாகம். தன் குடும்பத்தில் "ஒண்ணும் இல்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தப் பட்டியலை எழுதி முடிக்கும்போது வேறு மாதிரி நிமிர்வான்.

சரி, மூன்றாம் படிவத்துக்கு வருவோம். என் வேண்டுகோளின் மையம் இதுதான்.

தொழில் ஆர்வச் சோதனையைப் பள்ளியில் நடத்துகிறீர்கள். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஆறு வகைகளை அடிப்படையாகக் கொண்டது. கையால் செய்ய விரும்புபவர், ஆராய்பவர், படைப்பவர், பிறருக்கு உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர் என்று பிரிக்கும். பயனுள்ள கருவி. ஆனால் பல பிள்ளைகளுக்கு அது கணினியில் பதில் அழுத்தி, மூன்று எழுத்து வாங்கி, கோப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச நேரம் இல்லை என்றால், ஒரே வகை வந்தவர்களைச் சிறு குழுவாக உட்காரவையுங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளை மலாயில் கேட்ட கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டானா என்றும் அப்போது கேட்டுவிடுங்கள். "மெஷினைக் கழட்டி மாட்ட ஆசையா?" என்று வீட்டு மொழியில் கேட்டால் வரும் பதில் வேறாக இருக்கக்கூடும்.

அடுத்து, ஒரே ஒரு பாட நேரம் ஒதுக்கி, பின்னாலிருந்து முன்னால் வரும் பயிற்சி ஒன்றைச் செய்யுங்கள். பிள்ளை ஒரு வேலையைச் சொல்லட்டும். அந்த வேலைக்கு என்ன படிப்பு, அந்தப் படிப்புக்கு எஸ்பிஎம்மில் எந்தப் பாடத்தில் என்ன தகுதி, அந்தப் பாடம் நம் பள்ளியின் எந்தத் தொகுப்பில் இருக்கிறது, நம் பள்ளியில் இல்லை என்றால் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று இறங்கி வரட்டும். தாதியாக வேண்டும் என்ற அந்தப் பெண் இதை 15 வயதில் செய்திருந்தால், கணிதத்துக்கு டியூஷன் தேடியிருப்பாள். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே இல்லை என்பதையும் அந்த நேரத்திலேயே அழுத்திச் சொல்லுங்கள்.

தொழிற்கல்வியையும் அங்கேயே மேசைக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம் படிவம் முடித்ததும் கோலெஜ் வொகேஷனல் எனும் தொழிற்கல்விக் கல்லூரிக்குப் போகலாம், மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழும் அதன்பின் டிப்ளோமாவும் எடுக்கலாம் என்பது நம் பெற்றோர் பலருக்கு இன்றும் செய்தியே இல்லை. தெரிந்தவர்களும் அதைப் "படிக்காத பிள்ளைக்கு" என்று ஒதுக்குகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் அந்த வழியைச் சொன்னால் நேரம் கடந்துவிட்டிருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களைப் பற்றி நம் சமூகத்தில் ஆண்டுதோறும் பேச்சு அடிபடுகிறது. அது நியாயமான பேச்சு. 2024-இல், 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த மாணவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். ஆனால் கோயில் மண்டபத்துக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் மூன்று நான்கு கிரெடிட்டோடு வருகிறவர்கள். அவர்களுக்காக யாரும் அறிக்கை விடுவதில்லை. மூன்று கிரெடிட்டோடு பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க முடியும். நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் தொடங்கியது, ஈப்போவில்தான் இருக்கிறது, நமக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சமூகக் கல்லூரி நம் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது. அதுவும் இல்லை என்றால் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழி. மூன்றாம் நிலை முடித்து, திறன் டிப்ளோமா எடுத்து, அங்கிருந்து மலாக்காவில் யூதெம், பத்து பஹாட்டில் யூதிஎச்எம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் வரை ஏறிப்போக முடியும். இந்த ஏணியை மூன்றாம் படிவத்திலேயே சுவரில் ஒட்டிவையுங்கள், தமிழிலும் ஒட்டிவையுங்கள்.

புறப்பாட நடவடிக்கை. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். யூபியூ தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. தோட்டத்துப் பிள்ளை பள்ளி முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறான். அதை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை. மாலையில் நடக்கும் சாரணர் பயிற்சிக்கும் பூப்பந்துக்கும் எப்படி நிற்பான்? "ஆர்வம் இல்லை" என்று பதிவாகிறது. அந்த 10 விழுக்காட்டை அவன் இழப்பது தூரத்தால். வாரத்தில் ஒரு நாளாவது பேருந்து நேரத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பள்ளி நிர்வாகத்திடம் நீங்கள் பேச வேண்டும். உங்கள் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பெற்றோரைப் பற்றி. "கூப்பிட்டால் வருவதில்லை" என்று பள்ளிகள் சொல்கின்றன. வேலை நாளில் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆறு நாள் வேலைக்கு அது ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். பாடத் தொகுப்பு விளக்கக் கூட்டத்துக்காக ஒரு தாய் 65 ரிங்கிட்டை இழக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் வையுங்கள், பூசை முடிந்த பிறகு கோயிலில் வையுங்கள். அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் வருவார்கள். பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப மறுக்கும் அப்பாவிடம் அங்கேதான் பேச முடியும். அந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். ஏற்கனவே அந்த விடுதியில் படிக்கும் ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிவந்து பேசவையுங்கள். என் அனுபவத்தில் வேறு எந்தப் பேச்சாளரையும்விட அந்த அம்மாவின் பேச்சு எடுபடும்.

பணம் பற்றிய கேள்வி வரும். உயர்கல்விக்கான பிடிபிடிஎன் கடன், திறன் பயிற்சிக்குத் தனியாக இருக்கும் பிடிபிகே கடன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேயே சொல்லுங்கள். நம் ஊரில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டன் வாங்கிய பங்கு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உறுப்பினர் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி உதவி உண்டு. பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம், ஐந்தாம் படிவத்தில் செய்ய வேண்டியது, மேலே சொன்னது நடந்திருந்தால் பாதி குறைந்துவிடும். இரண்டைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

விடுமுறை வேலை. கார் கழுவுமிடம், பேரங்காடி, உணவகம் என்று நம் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். அதைப் பள்ளி பார்க்காததுபோல் இருக்கிறது. ஒரு குறிப்பேடு கொடுத்து, என்ன கற்றார்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். இபிஎஃப் சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்தார்களா, மிகைநேரம் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பார்க்கத் தெரிந்த பிள்ளையை எந்தக் குத்தகைக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, கல்லூரியைச் சோதிப்பது. என் உறவில் ஒரு பையன், வீடு தேடி வந்த முகவரின் பேச்சை நம்பி ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். மடிக்கணினி இலவசம், விடுதி இலவசம் என்றார்கள். படித்து முடிக்கும் தறுவாயில்தான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. அவன் அம்மா நகையை அடகு வைத்த பணம் போனது, அதைவிட அவனுடைய இளமையில் சில ஆண்டுகள் போயின. மலேசியத் தகுதி முகமையின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. திறன் பயிற்சி நிலையம் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையின் பட்டியல் இருக்கிறது. ஐந்தாம் படிவ மாணவர் ஒவ்வொருவரும் தங்கள் கைப்பேசியில் ஒரு படிப்பின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கட்டும். ஒரு பாட நேரம் போதும்.

யூபியூ, மெட்ரிகுலேஷன், ஆசிரியர் பயிற்சிக்கான பிஐஎஸ்எம்பி, சுகாதார அமைச்சின் தாதிமைப் பயிற்சி, எல்லாம் வெவ்வேறு வாசல்கள், வெவ்வேறு தேதிகள். ஒன்றில் விண்ணப்பித்தால் எல்லாவற்றிலும் விண்ணப்பித்ததாக நினைத்துக்கொள்ளும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எஸ்பிஎம் எழுதுமுன்பே ஒரு முறை ஒத்திகையாக நிரப்பிப் பழக்கிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் மறந்துபோய் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடையாளப் பத்திரம் இல்லாத பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். 12 வயதில் அடையாள அட்டை எடுத்திருக்க வேண்டும். பெற்றோர் திருமணம் பதிவாகாமலோ பிறப்புப் பத்திரத்தில் குளறுபடி இருந்தோ எடுக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. எஸ்பிஎம் பதிவுக்கு வரும்போதுதான் பள்ளியில் அது பெரிய விஷயமாகிறது. தேசியப் பதிவுத் துறையில் இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். முதலாம் படிவத்தில் சேரும் அன்றைக்கே பார்த்துச் சொன்னால் ஐந்து ஆண்டு அவகாசம் கிடைக்கும். அட்டை இல்லாத பிள்ளைக்கு எந்தத் தொழில் வழிகாட்டலும் காதில் ஏறாது.

உங்களிடம் இவ்வளவு கேட்டுவிட்டு, எங்கள் பங்குக்கு என்ன என்று சொல்லாமல் இருப்பது சரியில்லை. கோயில் மண்டபத்தில் உட்காரும் நாங்கள் சிலர், இனி முடிவு வந்த பிறகு மட்டும் உட்காரப் போவதில்லை. மூன்றாம் படிவப் பெற்றோருக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் தேதி கொடுத்தால், வீடு வீடாகச் சொல்லி ஆள் கூட்டுவது எங்கள் பொறுப்பு. வகுப்புக்கு வந்து பேசக்கூடிய ஊர்க்காரர்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். தாதி, பாய்லர்மேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வெல்டர், கணக்காய்வாளர் என்று பெயர்கள் சேர்ந்துவிட்டன. பொலிடெக்னிக் டிப்ளோமாவோடு வேலை செய்யும் இளைஞர்கள் வார நாளில் விடுப்பு எடுத்து வரவும் தயாராக இருக்கிறார்கள். பாடத் தொகுப்புத் தாளைத் தமிழில் விளக்கி எழுதித் தரவும் ஆள் இருக்கிறது. ஆலைக்குப் போக நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுதப் பள்ளியின் கடிதம் ஒன்று வேண்டும், அதை மட்டும் நீங்கள் தர வேண்டும். பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இந்த ஆண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் பாடத் தொகுப்புத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் கூட்டம் நடக்க வேண்டும். எந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தோதுப்படும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகச் சொல்லியனுப்புங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை